டென்னசி டேட்டன் ஊர் கோர்ட் கட்டடம்: குரங்கு கேஸுக்கு முன்னாடியும் பின்னாடியும்

மைல்கல் மணி (இழை ஆரம்பம்)

1925-ல அமெரிக்கால "குரங்கு கேஸ்"னு ஒண்ணு நடந்துச்சுல்ல, பரிணாமக் கொள்கைய கிளாஸ்ல நடத்துனாருன்னு ஒரு வாத்தியார் மேல கேஸ் போட்டாங்களே, அதப் பத்தி நம்ம ஆளுங்க எழுதி எழுதி தேஞ்சு போச்சு. ஆனா அது நடந்த கட்டடத்தப் பத்தி தமிழ்ல யாரும் உருப்படியா எழுதி நான் பாக்கல. எனக்கு எப்பவும் கேஸ விட கட்டடம் மேலதான் கண்ணு. அதான் இந்த இழை.

ஊரு பேரு டேட்டன். டென்னசி மாநிலம், ரே கவுன்ட்டி (எழுத்துல பாத்தா ரியான்னு படிக்கத் தோணும், உள்ளூர்க்காரங்க ரேன்னுதான் சொல்றாங்க). சாட்டனூகாலேர்ந்து வடக்க சுமாரா 40 மைல். அங்கெல்லாம் கவுன்ட்டி கோர்ட்னா வெறும் வழக்கு நடக்கற இடம் மட்டும் இல்ல. நம்மூர் தாலுகா ஆபீஸ், முன்சீப் கோர்ட், ரிஜிஸ்டர் ஆபீஸ் மூணையும் ஒரே கூரைக்கு கீழ வச்சா எப்படி இருக்கும், அப்படி. நிலப்பத்திரம், வரி, கல்யாண லைசன்ஸ்னு எல்லாத்துக்கும் சுத்துப்பட்டு ஜனம் அங்கதான் வந்தாகணும். அதனால கோர்ட் எந்த ஊர்ல இருக்கோ அந்த ஊர்லதான் கடை ஓடும், ஓட்டல் ஓடும், வக்கீலுக்கு பொழப்பு ஓடும்.

ரே கவுன்ட்டிக்கு முதல்ல தலைமையிடம் வாஷிங்டன்னு ஒரு குட்டி ஊரு, ஆத்துப் பக்கம். டேட்டன் அப்போ ஸ்மித்ஸ் கிராஸ்ரோட்ஸ்ங்கற பேர்ல ஒரு கூட்டுரோடு, அவ்ளோதான். 1880 வாக்குல சின்சினாட்டி சதர்ன் ரயில் பாதை இந்தப் பக்கமா வந்துச்சு, பக்கத்து மலையில நிலக்கரி, இரும்புத்தாதுன்னு எல்லாம் கைக்கெட்டுற தூரத்துல கெடக்கு, உடனே முதலாளிங்க மூக்குல வேர்த்துருச்சு. வந்தது யாருன்னு நெனைக்கிறீங்க, இங்கிலாந்து யார்க்‌ஷயர்ல கம்பளி மில் வச்சு பெரிய ஆளான டைட்டஸ் சால்ட் குடும்பத்து கம்பெனி. டேட்டன் கோல் அண்ட் அயர்ன்னு ஆரம்பிச்சு ஊது உலை எல்லாம் கட்டுனாங்க. ஊரு கிடுகிடுன்னு வளந்துச்சு. வளந்த கையோட கவுன்ட்டி தலைமையிடத்தையும் வாஷிங்டன்கிட்டேர்ந்து தட்டிப் பறிச்சுட்டாங்க.

அந்த மெதப்புல 1891-ல கட்டுனதுதான் இந்த கோர்ட். நாக்ஸ்வில்ல இருந்த டபிள்யூ. சேம்பர்லின் அண்ட் கம்பெனி வரைஞ்ச பிளான். மூணு மாடி செங்கல் கட்டடம், ஒரு மூலையில மணிக்கூண்டு, வளைவு வச்ச வாசல். மாடியில ஒரு பிரம்மாண்டமான கோர்ட் ஹால், சுத்தி உசர உசரமா ஜன்னல். அந்த ஊரு சைசுக்கு அது ரொம்ப ஓவர். ஆனா கட்டுனவங்க அன்னிக்கி இருந்த ஊருக்கு கட்டல, பத்து வருஷத்துல வரப்போற ஊருக்குன்னு நெனச்சு கட்டிட்டாங்க.

அந்த ஊரு வரவேயில்ல. 1895 டிசம்பர்ல சுரங்கத்துல வெடிச்சு 28 பேர் செத்தாங்க, 1901 மே மாசம் இன்னொரு வெடி, அதுல 20 பேர். கம்பெனி கை மாறி கை மாறி, 1913-ல கவுந்துருச்சு. ஜனம் கெளம்பிப் போச்சு. 1925-ல ஊர்ல இருந்தது சுமாரா 1,800 பேர். கட்டடம் மட்டும் அதே சைஸ்ல நிக்குது.

என் கட்சி என்னன்னா, அந்த கேஸ் அந்த ஊருக்கு வந்ததுக்கு டார்வினும் பைபிளும் பாதி காரணம்னா, இந்த காலியாப் போன ஊரும் அளவு மீறின கோர்ட் ஹாலும் மீதி பாதி. ஆட்சேபணை இருந்தா சொல்லுங்க.

பகுத்தறிவுப் பாண்டி

கட்டடத்த விடுங்க பாஸ். உண்மையச் சொன்ன வாத்தியார புடிச்சு ஜெயில்ல போட்ட ஊரு அது. இந்த கேஸ வச்சு எடுத்த அந்த பழைய பிளாக் அண்ட் ஒயிட் படத்துல கம்பிக்குப் பின்னாடி பாவமா நிப்பாரு பாருங்க, மறக்கவே முடியாது. ஊரே கொள்ளிக்கட்டையத் தூக்கிட்டு வந்த மாதிரி ஒரு வெறி. இதுக்கு செங்கல் எண்ணி என்ன ஆகப்போவுது.

மைல்கல் மணி

பாண்டி அண்ணே, படத்த நம்பி வரலாறு பேசுனா இதான் பிரச்சினை. அந்த வாத்தியார் ஜான் ஸ்கோப்ஸ் ஒரு நாள் கூட ஜெயில்ல இல்ல. கேஸ் நடக்கறப்பவும் சும்மா ஊருக்குள்ள சுத்திட்டுத்தான் இருந்தாரு. அவர் மேல கேஸ் போட்டதே அவர் சம்மதத்தோடதான், கேளுங்க.

1925 மார்ச்ல டென்னசி சட்டசபை பட்லர் சட்டம்னு ஒண்ணு போட்டுச்சு. மனுசன் கீழ்நிலை உயிர்லேர்ந்து வந்தான்னு அரசு ஸ்கூல்ல சொல்லிக்கொடுக்கக் கூடாதுன்னு. நியூயார்க்ல இருந்த சிவில் லிபர்ட்டீஸ் யூனியன் காரங்க இந்த சட்டத்த கோர்ட்ல இழுத்துப் பாக்கலாம், எந்த வாத்தியாராவது முன்வந்தா செலவ நாங்க பாத்துக்கறோம்னு பேப்பர்ல அறிவிச்சாங்க. அத டேட்டன்ல படிச்சவரு ஜார்ஜ் ராப்லியா. யாருன்னா, அந்த கவுந்து போன இரும்பு கம்பெனியோட மிச்சசொச்சத்த பாத்துட்டு இருந்த மேனேஜர்! மே 5-ஆம் தேதி எஃப். ஈ. ராபின்சன் மருந்துக்கடையில உக்காந்து பேசுறாங்க. ராபின்சன் கடைக்காரர் மட்டும் இல்ல, ஸ்கூல் போர்டு தலைவரும் அவர்தான். ஸ்கூல் சூப்பரின்டெண்டன்ட் வால்டர் வைட்டும் இதுல உண்டு. நம்ம ஊர்ல இந்த கேஸ நடத்துனா நாடே திரும்பிப் பாக்கும், கூட்டம் வரும், யாவாரம் ஆகும், இதான் கணக்கு.

ஸ்கோப்ஸுக்கு 24 வயசு, ஃபுட்பால் கோச். டென்னிஸ் ஆடிட்டு இருந்தவர ஆள் விட்டுக் கூப்பிட்டு, நீ பயாலஜி எடுத்தப்ப ஹன்ட்டர் எழுதுன புத்தகத்துலேர்ந்து நடத்துனியான்னு கேட்டாங்க. அது அரசாங்கமே ஒத்துக்கிட்ட பாடப்புத்தகம், அதே ராபின்சன் கடையில அலமாரியில விலைக்கு இருக்கு! அதுல பரிணாமம் இருக்கா, இருக்கு. அப்போ நீ சட்டத்த மீறிட்ட, கேஸுக்கு சம்மதமான்னு கேட்டாங்க, சரின்னாரு. கைது வாரன்ட் எழுத ஆள் ரெடி. போய் மறுபடி டென்னிஸ் ஆடுனாரு.

கொள்ளிக்கட்டையும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. சோடா கலர் கடைதான் ஜாஸ்தி.

ஹூஸ்டன் லட்சுமி

அய்யோ இது தெரியாம போச்சே! அப்போ முழுக்க முழுக்க பப்ளிசிட்டிக்குத்தானா? குரங்கு பொம்மை வித்தாங்கன்னு எங்கயோ படிச்சேன், உண்மையா?

மைல்கல் மணி

உண்மைதான்க்கா. குரங்கு பொம்மை, குரங்கு படம் போட்ட சாமான், ராபின்சன் கடையில குரங்கு பேர்ல சோடா கூட உண்டு. ஜோ மென்டின்னு ஒரு சிம்பன்ஸிக்கு கோட்டு சூட்டு மாட்டி கூட்டிட்டு வந்து காட்டுனாங்க. ஊர் போலீஸ்காரர் மோட்டார் சைக்கிள்ல "குரங்கூர் போலீஸ்"னு அர்த்தம் வர்ற மாதிரி எழுதி வச்சிருந்தாரு. தெருவெல்லாம் பிரசங்கம் பண்றவங்க, ஹாட் டாக் விக்கிறவங்க. திருவிழா தோத்துச்சு போங்க.

பக்கத்துல சாட்டனூகா பெரிய ஊரு, அவங்களுக்கும் நாக்குல எச்சி, நாங்களே ஒரு வாத்தியார புடிச்சு கேஸ் நடத்துறோம்னு கெளம்பிட்டாங்க. உடனே டேட்டன்காரங்க பதறி அடிச்சு, நீதிபதி ஜான் ரால்ஸ்டன் மே 25-லயே ஸ்பெஷலா கிராண்ட் ஜூரிய (கேஸ் நடத்த முகாந்திரம் இருக்கான்னு பாக்கற குழு) கூட்டி குற்றச்சாட்டு பதிவு பண்ணிட்டாரு. கேஸ் கை நழுவிடக் கூடாதுன்னு ஓடுனதப் பாத்தா எனக்கு 1890-ல கோர்ட்ட பறிச்சுட்டு வந்தாங்களே, அதே ஊர் புத்திதான் தெரியுது.

கருப்பு கோட்டு

வக்கீல்ங்கற முறையில ரெண்டு விஷயம் சேத்துடறேன். மே மாசம் அவசரத்துல பண்ண அந்த குற்றச்சாட்டு செல்லுமாங்கற சந்தேகம் அவங்களுக்கே வந்துருச்சு. அதனால ஜூலை 10 விசாரணை ஆரம்பிச்ச அன்னிக்கே புதுசா கிராண்ட் ஜூரிய உக்கார வச்சு மறுபடி முதல்லேர்ந்து பதிவு பண்ணாங்க. நீதிபதி அவங்களுக்கு சட்டத்தையும் படிச்சுக் காமிச்சாரு, பைபிள்லேர்ந்து ஆதியாகமம் முதல் அத்தியாயத்தையும் (கடவுள் உலகத்த படைச்ச கதை) படிச்சுக் காமிச்சாரு. எங்க ஜட்ஜ் யாராவது இப்படி பண்ணா அன்னிக்கே டிரான்ஸ்ஃபர் பெட்டிஷன் போட்டுருப்பேன்.

ரெண்டாவது அபராதம். பட்லர் சட்டப்படி அபராதம் குறைஞ்சது 100 டாலர், கூடினது 500. டென்னசி அரசியல் சட்டமோ 50 டாலருக்கு மேல அபராதம்னா ஜூரிதான் தொகைய முடிவு பண்ணணும்னு சொல்லுது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. இந்த சட்டத்துக்கு கீழ ஒரு நீதிபதி தானா அபராதம் போடவே வழி கிடையாது. ரால்ஸ்டன் 100 டாலர்னு அவரே போட்டுட்டாரு. ரெண்டு தரப்புலயும் நாட்டோட பெரிய பெரிய தலைங்க உக்காந்திருந்தும் அது நடந்துருச்சு. 1927 ஜனவரியில மாநில சுப்ரீம் கோர்ட் அந்த ஒரு ஓட்டையத்தான் புடிச்சு தண்டனைய ரத்து பண்ணுச்சு. சட்டம் செல்லும்னு சொல்லிட்டு தண்டனை செல்லாதுன்னுட்டாங்க, இந்த விநோதமான கேஸ இதுக்கு மேல இழுக்கறதுல பிரயோஜனம் இல்லன்னு அரசுத் தரப்புக்கு ஒரு ஜாடையும் காட்டிட்டாங்க. ஸ்கோப்ஸ் தரப்புக்கு இதுல சந்தோஷமே இல்ல, அவங்க ஆசைப்பட்டது தலைநகர் வாஷிங்டன்ல இருக்கற நாட்டு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போகணும்னு. மேல போக தண்டனை வேணும்ல, அதான் கையில இல்லையே.

ஸ்காபரோ சிவா

நான் உந்த கோர்ட்டுக்குப் போனனான். ஃபுளோரிடாக்கு கார்ல போய்க் கொண்டிருக்கேக்க மனிசியோட சண்டை பிடிச்சு ஒருமாதிரி ஹைவேயால இறங்கிப் பாத்தது. பெரிசா சனம் இல்லை. சுத்தவர புல்வெளி, பெரிய மரங்கள், நடுவில சிவப்புச் செங்கல் கட்டடம். மேல மாடிக்குப் போனா கோர்ட் ஹால் அப்பிடியே இருக்கு. நீதிபதி இருந்த மேசை, கம்பித் தடுப்பு, சனம் இருந்து பாத்த பழைய மர இருக்கைகள், ஒண்டோட ஒண்டு பொருத்தி வரிசை வரிசையா. இருந்து பாத்தன், முழங்கால் முன் வரிசையில இடிக்குது, முதுகை நிமித்தி இருந்தாத்தான் சரி. உதில ஜூலை வெயிலுக்க ஏசியும் இல்லாமல் நாள் முழுக்க சனம் இருந்ததெண்டா நினைச்சுப் பாருங்கோ. ஜன்னல் எல்லாம் ஆள் உயரத்துக்கும் மேல, வெளிச்சம் நல்லா வரும், வெக்கையும் வரும்.

கீழ நிலவறையில ஒரு சின்ன மியூசியம் இருக்கு, படங்களும் பேப்பர் கட்டிங்குகளும். வெளியில ரெண்டு சிலை. கேஸில அரசுத் தரப்பில வாதாடின பிரையனுக்கு 2005-ல வைச்சது, ஸ்கோப்ஸுக்காக வாதாடின டாரோவுக்கு 2017-ல. டாரோவின்ரை சிலைக்கு ஊருக்க எதிர்ப்பும் கொஞ்சம் இருந்ததாம்.

மணி, எனக்கொரு கேள்வி. உவ்வளவு பெரிய ஹால் இருக்கேக்க ஏன் விசாரணையை வெளியில கொண்டு போனவை?

மைல்கல் மணி

சிவா அண்ணே, இந்தக் கேள்விக்குத்தான் காத்துட்டு இருந்தேன்!

மொதல்ல ஹாலுக்கு என்னென்ன பண்ணாங்கன்னு பாருங்க. சிகாகோ டபிள்யூஜிஎன் ரேடியோ ஸ்டேஷன் வந்து கோர்ட்டுக்குள்ள மைக் வச்சு நேரடியா ஒலிபரப்புனாங்க, அமெரிக்கால ஒரு விசாரணை அப்படி நாட்டுக்கே லைவா போனது அதான் முதல் தடவை. சிகாகோ வரைக்கும் டெலிபோன் லைன் வாடகைக்கு எடுத்து, மைக்குக்கு தோதா மேசை நாற்காலிய எல்லாம் மாத்திப் போட்டாங்க. புல்வெளியில லவுட்ஸ்பீக்கர். நூத்துக்கும் மேல நிருபருங்க, தந்தி அடிக்க மட்டும் 22 ஆபரேட்டருங்க. நியூஸ்ரீல் கேமராக்காரங்க வேற மேசை மேல ஏறி நிக்கிறாங்க. உக்கார இடம் கெடைக்காதவன் சுவரோரம் நிக்கிறான், ஜன்னல்ல தொங்குறான். ஊர் பெருசாகப் போவுதுன்னு கட்டுன ஹால், கட்டி 34 வருஷம் கழிச்சு அன்னிக்கித்தான் நெறைஞ்சுச்சு!

ஜூலை 20, திங்கக்கிழமை. வெக்க தாங்கல. கீழ் மாடி சீலிங்ல விரிசல் விட்டிருக்கு, இவ்ளோ பேர் பாரத்த தளம் தாங்குமான்னு பயமா இருக்குன்னு நீதிபதி சொல்லி, சரி எல்லாரும் கீழ இறங்குங்கன்னுட்டாரு. கோர்ட் சுவத்தோரம் மரத்தடியில பிரசங்கம் பண்றதுக்குன்னு ஏற்கனவே ஒரு மர மேடை போட்டு வச்சிருந்தாங்க. அதுலதான் விசாரணை. கீழ புல்வெளியில சில ஆயிரம் பேர்.

அந்த மேடையில கிளாரன்ஸ் டாரோ எந்திரிச்சு, எதிர்த்தரப்பு வக்கீலயே சாட்சியா கூப்பிடறேன்னாரு. வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். மூணு தடவ ஜனாதிபதி தேர்தல்ல நின்னவரு, வெளியுறவு மந்திரியா இருந்தவரு. பைபிள் தெரிஞ்ச நிபுணரா வந்து சாட்சி சொல்லுங்கன்னா, வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம், அவரு கூட இருந்த அரசு வக்கீலுங்களும் வேணாம்னுதான் கத்துனாங்க. ஆனா எதிர்ல ஆயிரக்கணக்குல ஜனம். ஆயுசு பூரா மேடையில பேசியே வளந்த மனுசன், கூட்டத்தப் பாத்தா கால் தானா ஏறாதா? யோனாவ மீன் முழுங்குனது, யோசுவா சூரியன நிறுத்துனது, காயீனுக்கு பொண்டாட்டி எங்கேர்ந்து வந்தான்னு சுமார் ரெண்டு மணி நேரம் கேள்வி. படைப்பு நாள்னா 24 மணி நேர நாளாத்தான் இருக்கணும்னு இல்லைன்னு பிரையன் வாயாலேயே வந்துருச்சு.

ஜன்னலுக்கு உள்ள, மூடுன ஹால்ல இது நடந்திருந்தா பிரையன் ஏறியிருப்பாரான்னு எனக்கு பெரிய சந்தேகம். அந்த சீலிங் விரிசல்தான் நாடகத்தோட கிளைமாக்ஸ எழுதுச்சு.

கருப்பு கோட்டு

மணி சொல்றதுல ஒரு தமாஷ் விட்டுப் போச்சு. அந்த ரெண்டு மணி நேரமும் ஜூரி அங்க இல்லவே இல்ல. அடுத்த நாள் நீதிபதி அந்த சாட்சியம் மொத்தத்தையும் பதிவேட்டுலேர்ந்து நீக்கிட்டாரு. உலகமே படிச்ச குறுக்கு விசாரணை, சட்டப்படி பாத்தா நடக்கவே இல்ல! ஜூரியில பெரும்பாலும் விவசாயிங்க, முன் வரிசை சீட்டு கெடைக்கும்னு ஆசையா வந்திருப்பாங்க, முக்கால்வாசி நேரம் சட்ட வாதம்னு சொல்லி வெளிய அனுப்பிட்டாங்க.

இன்னொண்ணு. அந்த கோர்ட் வெளிச் சுவத்துல "பைபிள் வாசி"ன்னு பெருசா ஒரு போர்டு தொங்குச்சு. வெளிய விசாரணை வந்ததும் ஜூரி கண்ணுல அது நேரா படும்னு டாரோ ஆட்சேபிச்சாரு, இல்லன்னா பக்கத்துலயே பரிணாமம் படின்னு அதே சைஸ்ல ஒண்ணு மாட்டுங்கன்னாரு. பெரிய சண்டைக்கப்புறம் கழட்டிட்டாங்க. கடைசியில டாரோவே ஜூரிகிட்ட குற்றவாளின்னு தீர்ப்பு குடுங்கன்னு கேட்டாரு. மேல்முறையீட்டுக்கும் ஆச்சு, இறுதி வாதமே இல்லாமப் போனதால பிரையன் வாரக்கணக்கா எழுதி வச்ச உரையும் வீணாப் போச்சு. கில்லாடி. ஜூரி எடுத்துக்கிட்டது 9 நிமிஷம்.

பகுத்தறிவுப் பாண்டி

சரி, மருந்துக்கடை கதை எனக்குப் புதுசு, ரசிச்சுப் படிச்சேன். ஆனாலும் பிரையன் மாதிரி ஒரு பிற்போக்குவாதிய சும்மா கூட்டத்தப் பாத்து மயங்குன அப்பாவி மாதிரி எழுதுறீங்களே. அறிவியலுக்கு எதிரா நாடு பூரா சட்டம் போட அலைஞ்ச ஆளு அவரு.

திண்ணைப் பேச்சு

பாண்டி, அலைஞ்சாரு, இல்லைங்கல. ஆனா ஏன்னு பாக்கணும்ல. அதே பிரையன்தான் பெண்களுக்கு ஓட்டு வேணும்னு பேசுனவரு, பெரிய பெரிய பேங்க் முதலாளிங்கள எதிர்த்தவரு, போருக்கு இழுத்துட்டுப் போறாங்கன்னு மந்திரி பதவிய 1915-ல தூக்கிப் போட்டுட்டு வந்தவரு. வலுத்தவன் பொழைப்பான்னு சொல்லிக்கிட்டு ஏழைய நசுக்கறதுக்கும் போருக்கும் டார்வின் பேர இழுக்கறாங்கன்னு அவருக்கு கோவம். அந்த ஹன்ட்டர் பாடப்புத்தகத்த எடுத்துப் பாருங்க. பரிணாமம் இருக்கற அதே புத்தகத்துல மனுச இனங்கள வரிசைப்படுத்தி வெள்ளைக்காரன உச்சியில வச்சிருக்கும், "தகுதி இல்லாத" குடும்பங்க பெருகக் கூடாதுன்னு இனமேம்பாட்டுப் பாடமும் இருக்கும். நீங்களும் நானும் அந்த வரிசையில எங்க நின்னிருப்போம்னு சொல்லணுமா? அதுக்காக பட்லர் சட்டம் நியாயம்னு ஆயிடாது, அது மடத்தனமான சட்டம்தான். நல்லவன் கெட்டவன்னு ரெண்டு பக்கமா ஈசியா பிரிக்க முடியாதுன்னுதான் சொல்ல வர்றேன்.

பகுத்தறிவுப் பாண்டி

புத்தகத்துல இனவெறி இருந்தா அத எடுக்கச் சொல்லி சட்டம் போட்டிருக்கலாமே? போடல. தடை பண்ணது குரங்க மட்டும்தான். ஆதியாகமத்துக்கு எதிரா இருந்ததத்தான் தூக்குனாங்க, இனவெறிப் பாடம் ஜம்முனு உள்ளயே இருந்துச்சு. இதுக்கு பதில் சொல்லுங்க திண்ணை.

திண்ணைப் பேச்சு

அந்தக் கேள்வி சட்டத்தப் போட்டவங்களுக்கு. அங்க எனக்கும் பதில் இல்ல, நீங்க சொல்றது சரி. பிரையனோட காரணம் வேற, சட்டத்த கொண்டு வந்த ஜான் பட்லரோட காரணம் வேற, மருந்துக்கடைக்காரங்க காரணம் எல்லாத்துலயும் வேற.

மட்டுறுத்துனர்

கடவுள் உண்டா இல்லையான்னு போற நாலு பதிவ தூக்கி வேற இழைக்கு மாத்தியிருக்கேன். இங்க கோர்ட் கட்டடம், ஊர், கேஸ். மணி, மிச்சக் கதைய முடிங்க.

மைல்கல் மணி

நன்றி மட்டுறுத்துனர் சார்.

கேஸ் முடிஞ்சது ஜூலை 21. பிரையன் ஊரை விட்டுப் போகல, சுத்துவட்டாரத்துல பேசிட்டு இருந்தாரு. 26-ஆம் தேதி ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டு டேட்டன்லயே ஒரு வீட்டுல படுத்தவரு எந்திரிக்கல. அவர் பேர்ல 1930-ல அங்க ஒரு காலேஜ் ஆரம்பிச்சாங்க, இப்பவும் ஓடுது. ஸ்கோப்ஸ் சிகாகோ போய் ஜியாலஜி படிச்சு எண்ணெய், எரிவாயு கம்பெனி வேலைக்குப் போயிட்டாரு, கேஸப் பத்தி ரொம்ப காலம் வாயத் திறக்கல. 1960-ல படம் வந்தப்ப அதோட சிறப்புக் காட்சிக்கு டேட்டன் வந்துட்டுப் போனாரு. பட்லர் சட்டத்த 1967-ல தான் எடுத்தாங்க, 42 வருஷம் சட்டப் புத்தகத்துல சும்மாவே கெடந்துச்சு.

ஊருக்கு நெனச்ச யாவாரம் ஆச்சான்னா, ஆகல. கேஸ் முடிஞ்ச அன்னிக்கே கூட்டம் கலைஞ்சிருச்சு. பத்திரிகைக்காரங்க ஊர பட்டிக்காட்டு முட்டாளுங்கன்னு எழுதிட்டுப் போனதுதான் மிச்சம், பால்டிமோர் பத்திரிகைக்காரர் மென்கன் எழுதுனது இருக்கே, நக்கலோ நக்கல். உள்ளூர் ஜனம் அப்புறம் பல வருஷத்துக்கு இந்தப் பேச்ச எடுத்தாலே மூஞ்ச திருப்பிக்குவாங்கன்னு சொல்லுவாங்க.

கட்டடம் பாட்டுக்கு கவுன்ட்டி ஆபீஸா ஓடிட்டு இருந்துச்சு. அதுக்கு பெருமை சேந்ததே 70-கள்லதான். 1972-ல தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டுல ஏறுச்சு, 1976-ல தேசிய வரலாற்றுச் சின்னம்னு அறிவிச்சாங்க. அப்புறம் 1979 வாக்குல சுமார் பத்து லட்சம் டாலர் செலவுல கோர்ட் ஹால கேஸ் நடந்த காலத்து மாதிரியே புதுப்பிச்சு, கீழ மியூசியத்தையும் வச்சாங்க. அந்தப் பழைய இருக்கைங்கள தூக்கி வீசாம வச்சிருந்தாங்க பாருங்க, அதுக்கே ஒரு கும்பிடு. நம்ம பக்கம் வெள்ளைக்காரன் காலத்து கோர்ட்டுல தேக்கு பெஞ்ச தூக்கிட்டு பிளாஸ்டிக் சேர் போட்ட கதையெல்லாம் எல்லாருக்கும் தெரியும், வயித்தெரிச்சல கிளப்ப வேணாம்.

இப்போ வருஷா வருஷம் ஜூலையில அதே ஹால்ல விசாரணைய நாடகமா போடறாங்க, ஸ்கோப்ஸ் விழான்னு. 2025-ல நூறாவது வருஷத்துக்கு இன்னும் விமரிசையா நடந்துச்சு.

ஹூஸ்டன் லட்சுமி

அதாவது ஒரு காலத்துல மூஞ்ச திருப்பிக்கிட்ட விஷயத்த வச்சே இப்போ டூரிசம். ராபின்சன் போட்ட கணக்கு ஒரு அம்பது அறுவது வருஷம் லேட்டா பலிச்சிருக்கு, அவ்ளோதான் 😄

பகுத்தறிவுப் பாண்டி

ஊரு ரொம்பத்தான் திருந்திருச்சுன்னு முடிச்சிடாதீங்க. அதே ரே கவுன்ட்டி அரசுப் பள்ளிக்கூடங்கள்ல சின்னப் பசங்களுக்கு வேலை நேரத்துலயே பைபிள் வகுப்பு 50 வருஷத்துக்கு மேல நடந்துருக்கு, எடுத்தது அந்த பிரையன் காலேஜ் மாணவர்கள். 2002-ல தான் ஃபெடரல் நீதிபதி இது அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு நிறுத்துனாரு. அப்பீல் போனாங்க, 2004-ல அங்கயும் தோத்தாங்க. இதையும் பதிவு பண்ணிக்கங்க.

கருப்பு கோட்டு

பதிவு பண்ணியாச்சு கனம் பாண்டி அவர்களே. அந்த கேஸ் தீர்ப்பு இருக்குன்னு எனக்குத் தெரியும், ஆனா அது இந்த கோர்ட்ல நடந்தது இல்ல, ஃபெடரல் கோர்ட் சமாச்சாரம்.

ஸ்காபரோ சிவா

டாரோ சிலை விசயத்தில நான் சொல்ல விட்ட ஒண்டு. பிரையன்ரை சிலைக்கு காலேஜ் காசு குடுத்தது, டாரோவின்ரைக்கு மதமும் அரசும் தனித்தனியா இருக்கோணும் எண்டு பாடுபடுற ஒரு அமைப்பு பெரும்பங்கு காசு குடுத்தது. ரெண்டு பேரும் இப்ப ஒரே புல்வெளியில நிக்கினம். படம் எடுக்க ரெண்டையும் ஒரே ஃபிரேமுக்க கொண்டு வாறது கஷ்டம், நான் சுத்திச் சுத்திப் பாத்துப் போட்டு மனிசியின்ரை முகத்தைப் பாத்திட்டு வந்து கார்ல ஏறிட்டன்.

அட்லாண்டா அருள்

லேட்டா வந்துட்டேன், முழுசா படிச்சேன், செம இழை. ஒரே ஒரு சந்தேகம். அப்பா அம்மா ஊர்லேர்ந்து வந்திருக்காங்க, அப்பா ரிட்டயர்டு கோர்ட் சிரஸ்தார், அவரு இத கேட்டதுலேர்ந்து போயே ஆகணும்னு நிக்கிறாரு. சனிக்கிழமை கெளம்பிப் போனா உள்ள விடுவாங்களா? அம்மாக்கு மாடி ஏற முடியாது, அவங்களுக்கு அங்க வேற ஏதாச்சும் இருக்கா?

மைல்கல் மணி

அருள், அது இன்னமும் கவுன்ட்டி கட்டடம்தான், அதனால வேலை நாள்ல போறதுதான் உத்தமம், கெளம்பறதுக்கு முன்னாடி மியூசியத்துக்கு ஒரு போன் போட்டு ஹால் திறந்திருக்கான்னு கேட்டுக்கங்க. சாட்டனூகா போய் அங்கேர்ந்து 27-ஆம் நம்பர் ரோட்டப் புடிச்சு நேரா வடக்க. அம்மாவ புல்வெளி மரத்தடியில உக்கார வைக்கலாம், நல்ல நிழல். பக்கத்துல சிக்கமாகா ஏரி இருக்கு, மீன் பிடிக்க நாடு பூரா ஆளுங்க அங்கதான் வர்றாங்க, இப்போ ஊரு பொழைக்கறதுல அதுக்கும் பங்கு உண்டு. மே மாசம்னா ஸ்ட்ராபெர்ரி திருவிழா வேற. அப்பாவ அந்த நீதிபதி மேசைகிட்ட நிக்க வச்சு ஒரு படம் எடுத்து இங்க போடுங்க, சிரஸ்தார் எங்க உக்காருவாருன்னு அவரத்தான் கேக்கணும், எனக்கு அது புடிபடவே இல்ல.